ஆடியில் தொங்கிய பலகைகள்

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றபோது பொழுது இன்னும் விடியவில்லை. பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் 33 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சரும் அவருடைய தம்பியும் ஆளுக்கொரு பையோடு இறங்கினார்கள். அக்காவின் பையில் அல்வாப் பொட்டலங்கள். தம்பியின் பையில் கோடு போட்ட நோட்டு ஒன்று. பணிக்கொடையும் சேமநிதியும் சேர்ந்து ஒரு தொகை கைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டு சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது என்பது வரை வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தப் பேட்டையில் வாங்குவது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆடி மாதத்தில் யாராவது வீடு பார்க்கப் போவார்களா என்று உறவினர்கள் கேட்டார்கள். டீச்சர் புறப்பட்டதே ஆடி என்பதால்தான். பிள்ளை குட்டிக்காரர்கள் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பாக, ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் வீடு மாறிவிடுவார்கள். ஆடி பிறந்துவிட்டால் எவரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அப்படியானால் ஆடியில் தொங்கும் டூலெட் பலகை, ஊரே வீடு தேடிய மூன்று மாதத்தில் ஒருவரும் எடுத்துக்கொள்ளாத வீட்டின் பலகை.

“ஜூன்ல போகாத வீடு எதுன்னு இப்ப தெருவப் பாத்தாலே தெரிஞ்சிரும்ல” என்றார் டீச்சர். தம்பி நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பத்தி பிரித்தார். ஒன்றில் தெரு, மற்றொன்றில் பலகைகளின் எண்ணிக்கை.

தாம்பரம்

நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பூக்கூடைக்காரப் பெண்கள் முதல் மின்சார ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிவந்தது 1937-இல். ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் 1984-இல் வந்தது. ரயில், படிப்பு, வேலை மூன்றும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததால், வாடகைக்கு ஆள் கிடைக்காத நாள் என்பது இந்த ஊருக்கு வெகுகாலமாக இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துக்காரர்கள் வந்திறங்கும் வாசலே கோயம்பேட்டிலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆட்டோ முடிச்சூர் பக்கம் திரும்பியது. நல்ல அகலமான தெருக்கள், வேப்ப மரங்கள், புதிதாக வண்ணம் பூசிய வீடுகள். ஏழு பலகைகள் எண்ணினார்கள். அவற்றில் ஆறு தரைத்தளத்து வீடுகள்.

மெப்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்படியொரு தரைத்தளத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆடி என்றும் பார்க்காமல் ஏன் மாறுகிறார் என்று டீச்சர் கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் சுவரைக் காட்டினார். மின்விளக்குச் சுவிட்சுகளும் பிளக்குகளும் கழுத்து உயரத்தில் இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் ஏற்றி வைத்தது. 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் உள்ளே வந்தது.

“போட்டுல ஏத்தினு போனாங்கமா எங்கள” என்றார் ஆட்டோக்காரர். அவரும் இதே பகுதிக்காரர்தான்.

டீச்சர் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். தானே குடியிருக்கத் துணியாத வீட்டை வாங்கி இன்னொருவரைக் குடிவைப்பது அவருக்குச் சம்மதமாக இல்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே, சேலையூர்ப் பக்கம் மேடான தெருக்களைத் தம்பி குறித்துக்கொண்டார்.

பள்ளிக்கரணை வழியே வேளச்சேரி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பேருந்து மேடவாக்கம் தாண்டியதும் இரு பக்கமும் கட்டடங்கள் விலகி, சதுப்பு நிலம் விரிகிறது. கோரைக்கு நடுவே நீலத் தாழைக்கோழிகள் சிவந்த அலகோடு மேய்ந்துகொண்டிருந்தன. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நிலம் இது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் கடலுக்குப் போகுமுன் வந்து தங்கிப்போகும் இடம். அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, அதற்கப்பால் அடுக்குமாடிகள்.

சென்னைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தினமும் உச்சரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களை யாராவது கூர்ந்து கேட்கிறார்களா என்று தெரியவில்லை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும்போது அங்கே ஒரு தாங்கல், அதாவது சின்ன ஏரி, இருந்தது என்று முன்னோர் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனை வாங்குகிறவருக்கு இதைவிட மலிவான நில அளவை அறிக்கை கிடைக்காது.

வேளச்சேரிக்கு 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வந்தது. வேலைக்கு வந்த இளைஞர்கள் பின்தொடர்ந்தார்கள், வாடகை ஏறியது. அந்த ஐ.டி. அலையில் வாடகை வீடு தேடி அல்லாடும் ஒரு சிறு குடும்பத்தைத்தான் செழியன் தன் ‘டு லெட்’ படத்தில் காட்டினார். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற படம். வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அதில் தெரியும்.

விற்பனைக்கு இருந்த ஃபிளாட்டில் நான்கு பையன்கள் பங்கிட்டுக் குடியிருந்தார்கள். ஒருவர் அம்பாசமுத்திரத்துக்காரர். பேச்சு வழக்கைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அல்வாப் பொட்டலம் ஒன்று பிரிந்தது. டீச்சர் எல்லா வீட்டிலும் செய்கிற காரியத்தை இங்கேயும் செய்தார். சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு. உப்பு கொஞ்சம் தெரிந்தது.

“முன்பணம் எவ்வளவு குடுத்தீங்கப்பா?”

“பத்து மாச அட்வான்ஸ் டீச்சர். நாலு பேரும் ஊர்ல கடன் வாங்கித்தான் குடுத்தோம்.”

2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாத வழக்கம் இன்னும் மறையவில்லை. மூன்று மாதமே போதும் என்று சொல்லும் வீட்டுக்காரருக்கு ஆள் தேடும் அலைச்சல் இராது என்று தம்பி நோட்டில் எழுதினார்.

பிறகு டீச்சர் தன் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். முதல் கேள்வி, ஏன் இங்கே குடிவந்தீர்கள் என்பது. இரண்டாவது, எது நடந்தால் இங்கிருந்து போவீர்கள் என்பது. தரகர்கள் முதல் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்குக் குடியிருப்பவர் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

“தண்ணி உள்ள வந்தா மாறிருவோம்” என்றார் அம்பாசமுத்திரத்துக்காரர். “ஆனா வேற ஏரியாவுக்கு இல்ல டீச்சர். இதே தெருவுல ரெண்டாவது மாடிக்கு.”

சோழிங்கநல்லூர்

பழைய மகாபலிபுரம் சாலையின் கதை 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து தொடங்குகிறது. வயலும் சவுக்குத் தோப்புமாக இருந்த கிராமங்கள் இருபது ஆண்டுக்குள் கண்ணாடிக் கட்டடங்களாக மாறின. 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது சோழிங்கநல்லூரும் சென்னை ஆனது. சாலையின் நடுவே இப்போது மெட்ரோ தூண்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் தடம் அது.

ஒன்பதாவது மாடியின் பால்கனியில் நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கடலின் நீலக் கோடு. பாளையங்கோட்டையில் இப்படியொரு காற்றுக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துக் காத்திருக்க வேண்டும். டீச்சர் ரசித்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே பார்த்தார். வளாகத்தின் பின்வாசலில் ஒரு தண்ணீர் லாரி குழாய் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் மூன்றாவது.

வீட்டில் இருந்தவர்கள் இளம் தம்பதி. கணவர் மதுரை, மனைவி கோவை. இருவருக்கும் நடக்கும் தூரத்தில் அலுவலகம். குடிக்க கேன் தண்ணீர், மற்றதுக்கு லாரித் தண்ணீர் என்றார் அந்தப் பெண், புகாராக அல்ல, சமையல் குறிப்பு சொல்வதுபோல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது இந்தச் சாலையின் நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. மறுவருடம் கொரோனா அதையே எல்லோருக்கும் சொன்னது. அதன் மறுபக்கத்தை டீச்சர் தன் தெருவிலேயே பார்த்தவர். பக்கத்து வீட்டுப் பையன் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து, ஒன்றரை வருடம் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

“எது நடந்தா போவீங்கம்மா?”

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஆபீஸ் மாறினா” என்றார் கணவர். “குழந்தை பொறந்தா” என்றார் அவர் மனைவி.

தரகர் நல்ல மனிதர். வளாகத்தின் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பெருமையோடு காட்டினார். எதிரே எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தில் இப்போதே பதிவு செய்தால் விலை குறையும் என்றார். டீச்சருக்கு மனம் ஒப்பவில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில், போரூர் ஏரிக்குப் பக்கத்தில், கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே இறங்கியதை அவர் மறக்கவில்லை. இறந்த 61 பேரில் பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளிகள். அதன் இரட்டைக் கட்டடத்தை 2016-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதோடு, கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது.

பெண்கள் விடுதியாக நடத்தினால் கட்டிலுக்குக் கட்டில் காசு என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம், காவலாளி, காப்பாளர் எல்லாம் வேண்டும். பிள்ளைகளைப் பொறுப்பேற்பது எத்தகைய வேலை என்று 33 வருடம் பார்த்தவர், அதை ஊரிலிருந்துகொண்டு செய்ய முடியாது என்று தலையசைத்துவிட்டார்.

தம்பி கணக்குப் போட்டார். கேட்ட விலை 75 லட்சம். வாடகை 22,000. வருடத்துக்கு 2,64,000. மூன்றரை சதவீதம். வீடு இரண்டு மாதம் காலியாக இருந்தால் மூன்றுக்குக் கீழே. வங்கியில் போட்டாலே இதைவிட அதிகம் வரும், வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதியை ஈடுகட்ட வேண்டும்.

அந்த வளாகத்தின் பலகைகளை எண்ணவே முடியவில்லை. அங்கே பலகை மாட்டுவதில்லை, எல்லாம் செல்போனில்தான். காவலாளி மட்டும் மெதுவான குரலில், “இந்த டவர்ல பதினாலு காலிம்மா” என்றார்.

இரவு சாலையோரம் விருதுநகர்ப் புரோட்டா, மதுரைக் கறிதோசை, நெல்லைப் பெயர் போட்ட ஒரு மெஸ். அடையாள அட்டை கழுத்தில் தொங்க நின்றுகொண்டே சாப்பிடுகிற பிள்ளைகள். நெல்லை மெஸ்ஸில் சொதி உண்டா என்று டீச்சர் கேட்டார். ஞாயிறு மட்டும் என்றார்கள்.

திருவல்லிக்கேணி

இங்கே வாங்கும் எண்ணம் கிடையாது. தம்பிக்காகத்தான் வந்தார்கள். எண்பதுகளில் தேர்வாணையப் பரீட்சைக்குப் படிக்க வந்தவர், மேன்ஷன் அறையொன்றில் மூன்று பேரோடு எட்டு மாதம் கிடந்தார். ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கட்டடத்தைத் தேடிப் போனார்கள். அதே குறுகிய படி, அதே கொடியில் காயும் லுங்கிகள். வாசலில் பலகை ஏதும் இல்லை. வாய்மொழியாகவே ஆள் வந்து நிரம்பும் இடம்.

“யக்கா, அந்த மூணாவது ஜன்னல்” என்றார் தம்பி. அவ்வளவுதான் சொன்னார்.

மேற்கு மாம்பலம்

‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் டீச்சர் ஏரியைத் தேடினார். மயிலாப்பூர் வரை நீண்டுகிடந்த பெரிய ஏரியின் ஓரம் இது. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போய் நூறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் கரையிலேயே நிற்கிறது.

வாடகை விடுகிறவருக்கு மாம்பலத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. ரயில் நிலையம், காய்கறிக் கடை, மருத்துவர், கோயில் எல்லாம் நடந்துபோகும் தூரம். 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. தெருவுக்குத் தெரு ஃபில்டர் காபி மணம். பலகைகள் மிகக் குறைவு. ஆனால் ஃபிளாட்டுகளில் பல எண்பதுகளில் கட்டியவை, லிஃப்ட் இல்லை. இங்கே சதுர அடியை விட முக்கியமான சொல் ‘யு.டி.எஸ்.’ என்றார் வழக்கறிஞரான உறவினர் ஒருவர். பிரிபடாத நிலத்தில் நமக்குள்ள பாகம். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் நம் கையில் மிஞ்சுவது அந்த நிலம்தான். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

விலையைக் கேட்டதும் தம்பி நோட்டை மூடிவிட்டார். டீச்சரை வருத்தியது விலை அல்ல. ஒரு கதவில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருந்தது. இன்னொரு வீட்டில், வாடகைக்கு விடும்போது இன்னாருக்குத்தான் தர வேண்டும் என்று சங்கத்தில் சொல்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே எச்சரித்தார்கள். அவருடைய மாணவிகளில் ஒருத்தி இதே நகரில் ஆசிரியை வேலை கிடைத்தும், “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல் இரண்டு மாதம் விடுதியில் இருந்தவள். குடிவருகிறவரின் சாதியையும் சட்டியையும் விசாரித்துத்தான் விட வேண்டும் என்றால் அந்தத் தெருவே தனக்கு வேண்டாம் என்று டீச்சர் படியிறங்கினார்.

பெரம்பூர்

வடசென்னை என்றதும் நெல்லையில் இருந்தவர்கள் முகம் சுளித்திருந்தார்கள். சினிமா செய்த வேலை அது. பெரம்பூர் தொழிலாளிகள் உண்டாக்கிய ஊர். பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வட்டாரத்தில். 1955 அக்டோபரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. லோகோ, கேரேஜ் பணிமனைகள், ரயில்வே ஆஸ்பத்திரி என்று மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தவறாமல் வரும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. ஆலை 1990-களில் மூடிய பிறகு அதன் நிலத்திலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. சிறுசேரியில் முடியும் மெட்ரோ தடம் இங்கேயும் பூமிக்கடியில் வருகிறது.

மாலையில் தெருமுனைக் கடையில் அத்தோ சாப்பிட்டார்கள். பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த பலகாரம். நூடுல்ஸில் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் எலுமிச்சையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். டீச்சர் இரண்டாவது தட்டு வாங்கினார்.

கேரேஜ் ஒர்க்ஸ் பக்கத்துத் தெரு அது. மூன்று மாடிக் கட்டடம், தொண்ணூறுகளில் கட்டியது. இரண்டாவது மாடியில் 650 சதுர அடி. தெருவில் ஒரே ஒரு பலகை, அதுவும் ஒரு கடைக்கு. வீட்டில் இருந்த பெண் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். கணவருக்கு பாரிமுனையில் வேலை, ரயிலில் போய்வருகிறார். மாமனார் ரயில்வே ஓய்வூதியர், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

குழாயைத் திறந்ததும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“மெட்ரோ வாட்டர்மா. புழல் தண்ணி” என்றார் அந்தப் பெண். டீச்சர் ஒரு டம்ளர் வாங்கி முழுதும் குடித்தார்.

விலை 48 லட்சம், வாடகை 14,000. தம்பி கணக்குப் போட்டுவிட்டு அக்காவிடம் நீட்டினார். மூன்றரை சதவீதம். சோழிங்கநல்லூரில் வந்த அதே விடை. ஆனால் அங்கே வருடாவருடம் ஆள் மாறலாம், இங்கே ஏழு வருடத்தில் ஒரு மாதம்கூடக் காலியாக இருந்ததில்லை. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வெள்ளையடிப்பு, தரகு, காலியாகக் கிடக்கும் மாதம் என்று வீட்டுக்காரருக்குக் கைவிட்டுப் போவது எவ்வளவு என்று விளம்பரங்கள் சொல்வதில்லை. கணக்கின் இன்னொரு பக்கத்தையும் தம்பி எழுதினார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 4,32,000. கிட்டத்தட்ட 31 மாத வாடகை அதற்கே போகும். வாங்கி ஐந்து வருடத்தில் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

“எது நடந்தா நீங்க இங்கேருந்து போவீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

அந்தப் பெண் சட்டென்று பதில் சொல்லவில்லை. “நீங்க வாங்கினா எங்கள காலி பண்ணச் சொல்லுவீங்களாம்மா?”

“புள்ள பத்தாவது முடிக்கட்டும். அதுக்கப்புறமும் நீங்களா போனாத்தான்” என்றார் டீச்சர்.

தரகர் உடனே டோக்கன் அட்வான்ஸ் பற்றிப் பேசினார். ஆடியில் முன்பணம் கொடுப்பதில்லை என்று தம்பி தட்டிக்கழித்தார். டீச்சர் காரணத்தை மறைக்கவில்லை. தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், சி.எம்.டி.ஏ. வரைபடம் மூன்றையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஓட்டேரி நல்லா என்னும் கால்வாய் தூரத்தில் இல்லை. மழை கொட்டினால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவதைச் செய்திகளில் பார்த்திருக்கிறார். “ஐப்பசியில மழையோட மழையா ஒருநாள் வாரேன். தெருவப் பாத்துட்டு அன்னைக்கே சொல்லுதேன்” என்றார்.

“எதுக்கும்மா அலையறீங்க?” என்று அந்தப் பெண் செல்போனை எடுத்து, போன வருட மழைப் படத்தைக் காட்டினார். தெருவில் தண்ணீர், மிதக்கும் செருப்பு, வாசலில் நிற்கும் மகள். டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தம்பியோடு கீழே இறங்கினார். வாசலுக்கு ஐந்து படி. படத்தில் தண்ணீர் நின்றது இரண்டாவது படியில்.

மேலே ஜன்னலிலிருந்து அந்தப் பெண் குனிந்து தன் செல்போன் எண்ணைச் சொன்னார், தம்பி பலகை எண்ணிய பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். மழை வந்ததும் படம் எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. டீச்சர் திரும்பவும் இரண்டு மாடி ஏறி, பையில் மிச்சமிருந்த கடைசி அல்வாப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வந்தார். எழும்பூரில் வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.